ஒரு வரிக்கு ஒருவர்: பீடோங்கில் ஒரு மரண சகாய நிதிப் பட்டியலை மாற்றியமைத்த விவரம்

பட்டியல் இருந்த நிலை

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கைச் சுற்றியுள்ள தோட்டங்கள் பலவற்றில் இன்று தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; ஆட்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் குடிபெயர்ந்தார்கள். கோயில் மட்டும் தோட்டத்திலேயே நிற்கிறது, அதன் மரண சகாய நிதியும் கூடவே நிற்கிறது. மாதம் சில வெள்ளி (ரிங்கிட்) சந்தா. குடும்பத்தில் யாராவது தவறிவிட்டால் அன்றைக்கே ஒரு தொகையைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிடுவார்கள். பழைய ஏற்பாடுதான், ஆனால் இதைவிட வேகமாகப் பணம் தரும் ஏற்பாடு எதையும் நான் பார்த்ததில்லை.

இந்த ஆய்வு அப்படி ஒரு நிதியின் உறுப்பினர் பட்டியலைப் பற்றியது. நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள், நானூறுக்குச் சற்று மேல் ஆட்கள். உறுப்பினர்களுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது. ஒரே மாதத்தில் இரண்டு மூன்று சாவு விழுந்தால் கையிருப்பு தாங்காது. அதனால் செயற்குழு குழுக் காப்புறுதி எடுக்க முடிவு செய்தது. காப்புறுதி நிறுவனம் கேட்டது ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது காற்புள்ளியால் பத்தி பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு: ஒரு வரிக்கு ஒருவர், ஆறு பத்திகள். உறுப்பினர் எண், ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி பெயர், கோடு இல்லாத 12 இலக்க ஐசி எண், எட்டு இலக்கத்தில் பிறந்த தேதி, பாலினம், உறவுக் குறியீடு.

நிதியிடம் இருந்ததோ ஒரு வரிக்கு ஒரு குடும்பம். குடும்பத் தலைவர், அவர் ஐசி, மனைவி அல்லது கணவர், அவர் ஐசி, பிள்ளை ஒன்று முதல் ஐந்து வரை பெயரும் ஐசியும், பெற்றோர் இருவர், முகவரி, தொலைபேசி, கடைசியில் 'மொத்தப் பேர்' என்று கையால் அடித்த ஓர் எண். சந்தா வசூலிக்க இந்த அமைப்பு மிக வசதி. வீட்டுக்கு ஒரு வரி, ஒரு விரல் வைத்துப் படித்துவிடலாம். இயந்திரத்துக்குத்தான் ஆகாது.

கோட்டை எடுத்ததும் நடந்தது

செயற்குழுவில் ஒருவர் நல்ல எண்ணத்தோடு வேலையைத் தொடங்கியிருந்தார். படிவம் 'கோடு இல்லாமல்' என்று கேட்டதால், விரிதாளில் தேடி மாற்றும் வசதியைத் திறந்து, கோடு இருக்கும் இடமெல்லாம் வெற்றிடம் என்று ஒரே தட்டில் மாற்றினார். பிறகு சிஎஸ்வியாகச் சேமித்து, இருந்த கோப்பின் மேலேயே எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். நிறுவனம் பெரும்பாலான வரிகளைத் திருப்பி அனுப்பியது.

கோடு இருக்கும்வரை ஐசி எண் விரிதாளின் கண்ணுக்கு வெறும் எழுத்து. கோட்டை எடுத்தால் அது கணிதம் செய்யக்கூடிய எண் ஆகிவிடுகிறது. அங்கிருந்து இரண்டு விதமாகக் கெட்டது. 1990ல் வந்த நம் 12 இலக்க ஐசி எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம், கெடாவுக்கு 02. கடைசி நான்கு ஆளுக்குரியது. சாதாரணக் கட்டத்தில் 11 இலக்கத்துக்கு மேல் போனால் விரிதாள் அறிவியல் குறியீட்டுக்குத் தாவும். 580923020000 என்ற கற்பனை எண் 5.80923 என்று தொடங்கி, நடுவில் ஓர் ஈ போட்டு, +11 என்று முடியும். சிஎஸ்வியில் சேமிக்கும்போது திரையில் தெரிவதுதான் கோப்புக்குள் போகிறது. மறுபடி திறந்தால் 580923000000. பிறந்த நாள் மிஞ்சியது. பிறந்த மாநிலமும் ஆளும் போய்விட்டார்கள்.

இரண்டாவது வகை இதைவிட நயமாகக் கெட்டது. 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் ஐசி பூஜ்யத்தில் தொடங்கும். 050817020000 என்பது 50817020000 ஆகி, 11 இலக்கமாக முழுசாகவே நின்றது. பார்த்தால் தவறு தெரியாது. ஆக, மற்றவர்களின் எண் அடையாளம் தெரியாமல் அழிந்தது, அந்தப் பிள்ளைகளின் எண் தலைப் பூஜ்யம் குறைந்து பிழைத்தது.

கெடாவில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. பீடோங்கின் அஞ்சல் குறியீடு 08100, வீட்டுத் தொலைபேசி 04ல் தொடங்கும், கைப்பேசி 01ல். எல்லாத் தலையிலும் பூஜ்யம். அடுக்குமாடியில் இருப்பவரின் '3-5' என்ற வீட்டு எண் பட்டியலில் எப்போதோ தேதியாக மாறிக் கிடந்தது, அது தனிக் கதை. உலகத்தில் படித்தவர்களுக்கே இந்தப் பாடு உண்டு. மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் அறிவியல் குழு, 'மார்ச்1', 'செப்ட்1' போன்ற பெயர்களை எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்று 2020ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டது. இப்படித் தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதி எக்செல்லில் 2023ல்தான் வந்தது.

நல்ல வேளை, முந்தைய செயலாளரின் பென்டிரைவில் கோடு போட்ட பழைய கோப்பு இருந்தது. அதற்குப் பிறகு சேர்ந்த சில குடும்பங்கள் மட்டும் கெட்ட கோப்பில்தான் இருந்தன. ஆகவே மூலம் இரண்டு.

பொருளாளர் வைத்த நிபந்தனை

என்னிடம் வேலை வந்தபோது பொருளாளர் கேட்டது ஒன்றே ஒன்று. "தம்பி, எழுத்து தப்பா இருந்தா திருத்திக்கலாம். ஆள் விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனது இப்பத் தெரியாது, சாவு வீட்டிலதான் தெரியும்."

இதை அப்படியே தொழில்நுட்ப நிபந்தனையாக எடுத்துக்கொண்டேன். பொதுவாகத் தரவை மாற்றும் ஸ்கிரிப்டுகள் எனும் சின்ன நிரல்கள் புரியாத வரியைத் தாண்டிக்கொண்டு ஓடும். அதைத்தான் கெட்டிக்காரத்தனம் என்பார்கள். இங்கே தாண்டுவது தடை. புரிந்தவர் ஒரு கோப்புக்கு, புரியாதவர் காரணத்தோடு இன்னொரு கோப்புக்கு, இரண்டையும் கூட்டினால் உள்ளே வந்த தலை எண்ணிக்கை.

எதில் எழுதுவது

இணையத்தில் ஒட்டினால் மாற்றித் தரும் தளங்கள் நிறைய உண்டு. நானூறு பேரின் பெயரும் ஐசியும் அங்கே போகக்கூடாது என்பதில் விவாதமே இல்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிகப் பரிமாற்றங்களுக்கானது. கோயில் நிதிக்கு அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று வாதாட வேண்டியதில்லை. ஐசி எண் கையில் கிடைத்தால் என்னென்ன செய்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். வேலை பொருளாளரின் கணினியிலேயே, இணையம் இல்லாமலே நடக்க வேண்டும்.

கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளை வரியில் இதற்கென்றே பிறந்த கருவி 'ஆக்'. 1977ல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதியது. வரிவரியாகப் படித்து, பத்தி பிரித்து, வேண்டியதை எழுதும். எனக்குப் பிரியமான கருவி, ஆனாலும் இங்கே ஒதுக்கினேன். முகவரியில் காற்புள்ளி இருக்கிறது. சிஎஸ்வி அதை மேற்கோள் குறிக்குள் வைக்கிறது. ஆக் அந்தக் குறியை மதிக்காமல் வெட்டிவிடும். சிஎஸ்வியை முறையாகப் படிக்கும் தேர்வை கெர்னிகன் அதில் சேர்த்தது 2023ல், நாற்பத்தாறு ஆண்டு கழித்து. அந்தப் புதுப் பதிப்பு பொருளாளரின் விண்டோஸ் கணினியில் இருக்கும் என்று எண்ணி வேலை செய்ய முடியாது.

காற்புள்ளியைவிடப் பெரிய காரணம் ஒன்று பிறகு தெரிந்தது. பட்டியலில் பிள்ளைகளுக்கு ஐந்து இடம்தான். ஆறாவது பிள்ளை பிறந்த வீடுகளில் முந்தைய செயலாளர் என்ன செய்திருந்தார் என்றால், ஐந்தாவது பிள்ளையின் கட்டத்துக்குள்ளேயே இரண்டாம் வரி போட்டு ஆறாவதை எழுதிவிட்டார். சிஎஸ்வியில் அது மேற்கோளுக்குள் ஒரு வரி முறிவு. வரிவரியாகப் படிக்கும் எந்தக் கருவிக்கும் அந்தக் குடும்பம் இரண்டாக ஒடிந்து தெரியும். கோப்பில் எத்தனை வரி என்று எண்ணும் கட்டளைகூடத் தவறான எண்ணையே சொல்லும்.

ஆகவே பைத்தான் நிரல்மொழி. அதனோடு வரும் சிஎஸ்வி தொகுதி மேற்கோளையும் உள் வரிமுறிவையும் சரியாகவே படிக்கிறது. வெளியிலிருந்து எதையும் நிறுவத் தேவையில்லை.

உள்ளே நடப்பது

மைய வேலை சின்னது. ஒரு குடும்ப வரியை எடு. தலைவர், துணை, பிள்ளைகள், பெற்றோர் என்று ஒவ்வொரு சோடிப் பத்தியாகப் போ. பெயர்க் கட்டமோ ஐசிக் கட்டமோ ஒன்றாவது நிரம்பியிருந்தால் ஓர் ஆள் என்று எண்ணு. கட்டத்துக்குள் வரிமுறிவு இருந்தால் பெயரையும் ஐசியையும் தனித்தனியே உடைத்து, எண்ணிக்கை ஒத்துப்போனால் சோடி சேர், ஒத்துப்போகாவிட்டால் அத்தனை பேரையும் திருப்பு. 'பெயர் இருந்தால் மட்டும் ஆள்' என்று எழுதியிருந்தால், பெயர் வைக்குமுன் ஐசி எண்ணை மட்டும் குறித்து வைத்த கைக்குழந்தைகள் காணாமல் போயிருப்பார்கள்.

பிறகு 'மொத்தப் பேர்' பத்தி. காப்புறுதி நிறுவனத்துக்கு அது தேவையே இல்லை, வீசி எறியலாம் என்றுதான் தோன்றும். ஆனால் இந்த வேலையிலேயே விலைமதிப்பான பத்தி அதுதான். ஒரு மனிதர் வீட்டையும் முகங்களையும் மனத்தில் வைத்து எண்ணிய எண் அது. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு குடும்பத்திலும் தான் எண்ணியதை அதோடு ஒப்பிட்டு, மாறினால் குடும்ப எண்ணைக் குறித்துக் காட்டுகிறது. ஆறாவது பிள்ளைகள் அகப்பட்டது இதில்தான். இன்னும் சில வீடுகளில் ஸ்கிரிப்டின் எண் அதிகமாக இருந்ததற்குக் காரணம் வேறு: தவறிப்போன தாத்தாவின் பெயரை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பத்தித் தலைப்புகளில் ஒரு சிக்கல் வந்தது. 'பெற்றோர்' என்ற தலைப்பைத் தேடினால் பழைய கோப்பில் இல்லை என்றது ஸ்கிரிப்ட். கண்ணுக்கு இருக்கிறது. யூனிகோடில் 'றோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. பழைய கோப்பு யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது, அதில் உடைந்த வடிவம் இருந்தது. படித்தவுடனே எல்லாத் தமிழ் எழுத்தையும் சேர்ந்த வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கத்தை ஓட்டியதும் தீர்ந்தது. தமிழில் தரவை ஒப்பிடும் யாரும் இதை முதல் வரியாகவே எழுதிவிடலாம்.

ஐசி எண்ணை எந்த அளவுக்கு நம்புவது

நம் ஐசி எண்ணில் சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் எண்ணே காட்டிக்கொடுக்காது. உள்ளே இருக்கும் செய்தியை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். முதல் ஆறு இலக்கம் காலண்டரில் இருக்கும் தேதியா? கடைசி இலக்கம் ஒற்றை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். பெயரில் ஏ/எல் (மகன்) என்றோ ஏ/பி (மகள்) என்றோ இருந்தால் அதோடு ஒத்துப்போகிறதா? நம்மவர் பெயரின் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு எழுத்து இங்கே இலவசச் சாட்சி. ஏ/எல், ஏ/பி இல்லாத பெயரும் உண்டு, அது பிழையல்ல. ஒத்துப்போகாததுதான் பிழை. கணவரின் எண்ணை மனைவிக்கும் மனைவியின் எண்ணைக் கணவருக்கும் அடித்த வீடுகள் இதில் உடனே விழுந்தன.

நூற்றாண்டு அடுத்த குழப்பம். 24 என்று தொடங்கினால் 1924ல் பிறந்த ஆயாவா, 2024ல் பிறந்த பேத்தியா? எண் சொல்லாது, உறவு சொல்லும். ஆண்டு இலக்கம் நடப்பு ஆண்டைவிடப் பெரிது என்றால் 1900கள் என்பதில் ஐயமில்லை. சிறிது என்றால், பெற்றோர் பத்தியில் இருப்பவர் 1900கள், பிள்ளை 2000கள். தலைவரோ துணையோ 2000கள் என்று கணக்கிட்டு வயது 18க்குக் கீழே வந்தால் முடிவு செய்யாமல் திருப்பு. பிப்ரவரி 29ல் பிறந்தவர்கள் ஒரு வேடிக்கை: 000229 என்றால் 2000 மட்டும்தான், ஏனெனில் 1900 லீப் ஆண்டல்ல.

கெட்ட கோப்பில் மட்டும் இருந்த குடும்பங்களுக்குத் தலையில் பூஜ்யம் சேர்த்து 12 ஆக்கலாம். எந்த நீளத்துக்குச் சேர்க்கலாம் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிட முடியும். 2001 முதல் 2009 வரை பிறந்தவருக்கு 11 இலக்கம் மிஞ்சும். 2000 அக்டோபர் முதல் டிசம்பர் வரை 10. அதற்கு முந்திய மாதங்களுக்கு 9. எட்டோ ஏழோ இருந்தால் மாதம் 00 ஆகிவிடும், ஆகவே அது இந்த வகைப் பிழையே அல்ல. ஏழு இலக்கம் பெரும்பாலும் பழைய ஐசி எண்.

ஆனால் 11 இலக்கம் என்பதாலேயே பூஜ்யம் விழுந்தது என்று சொல்லிவிட முடியாது. 810101020000 என்ற கற்பனை எண்ணில் கடைசி இலக்கத்தை ஒருவர் அடிக்க மறந்தால் 81010102000. இதற்கு முன்னால் பூஜ்யம் போட்டால் 081010102000. தேதி சரி: 2008 அக்டோபர் 10. இடம் சரி: 10, சிலாங்கூர். எல்லாச் சோதனையிலும் தேறும். 1981ல் கெடாவில் பிறந்தவர் 2008ல் சிலாங்கூரில் பிறந்த பிள்ளை ஆகிவிட்டார். அதனால் பூஜ்யம் சேர்த்துச் சீராக்கிய எதுவும் நேராகக் காப்புறுதிக் கோப்புக்குப் போவதில்லை. 'ஐசி பார்த்து உறுதி செய்க' என்ற குறிப்போடு திருப்பும் கோப்புக்குப் போகும். அறிவியல் குறியீட்டில் அழிந்தவற்றுக்கு எந்தச் சூத்திரமும் இல்லை, வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியதுதான்.

பெயரைப் பற்றி நீட்ட வேண்டாம். ஐசியில் பெயர் ரோமன் எழுத்தில் மட்டுமே இருக்கிறது. முனியம்மாவையும் லெட்சுமியையும் எத்தனை விதமாக எழுதியிருப்பார்கள் என்று நம் ஊரில் யாரிடமும் விளக்கத் தேவையில்லை. தமிழிலிருந்து எழுத்துப்பெயர்க்கும் யோசனையை ஒருவர் சொன்னார், ஏற்கவில்லை. ஐசியில் உள்ளதை அப்படியே அடித்த பத்தி இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் திருப்பு.

பொருளாளரின் கணினியில் ஓடியது

கட்டளை வரிக் கருவி என்றால் உள்ளீட்டை ஒரு பக்கம் வாங்கி வெளியீட்டை மறு பக்கம் குழாயில் விடுவதுதான் மரபு. விண்டோஸில் தமிழோடு அந்த மரபைப் பிடித்துத் தொங்குவது வீண். பழைய கட்டளைச் சாளரத்தில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பினால், தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கம் என்று தனியே சொல்லாதவரை பைத்தான் அந்தக் கணினியின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொண்டு, தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை சொல்லி நிற்கும். ஆகவே ஸ்கிரிப்ட் கோப்புப் பெயரை வாங்கி, கோப்புகளைத் தானே திறந்து எழுதுகிறது.

படிப்பதும் எழுதுவதும் முன்குறியோடு (கோப்பின் தொடக்கத்தில் குறியாக்கத்தைச் சொல்லும் மறைந்த குறி) கூடிய யூடிஎஃப்-8. அந்த முன்குறி இல்லாவிட்டால் சிஎஸ்வியை இருமுறை சொடுக்கித் திறக்கும்போது தமிழ் அத்தனையும் அலங்கோலமாகத் தெரியும். முன்குறி உள்ள கோப்பை அது இல்லாதது போலப் படித்தால் முதல் பத்தித் தலைப்போடு கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது வரிமுறிவை சிஎஸ்வி தொகுதியின் பொறுப்பிலேயே விடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸில் வரிக்கு ஒரு வெற்று வரி முளைக்கும். காப்புறுதிக்குப் போகும் கோப்பில் தமிழ் இல்லை, அதில் முன்குறி போடவில்லை. அதைத் திறந்து பார்த்துச் சேமித்துவிடாதீர்கள் என்பது நான் வலியுறுத்திய ஒரே விதி. சேமித்தால் பழைய கதைதான்.

பொருளாளர் கட்டளை எதையும் அடிப்பதில்லை. கட்டளையை உள்ளே அடக்கிய ஒரு பேட்ச் கோப்பு செய்து திரையில் வைத்தோம். பட்டியலை இழுத்து அதன்மேல் போட்டால் மற்றவை பக்கத்திலேயே உருவாகும். மூலக் கோப்பை ஸ்கிரிப்ட் தொடுவதில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் அதே மூலத்துக்கு அதே விடை. திருப்பும் கோப்பில் காரணம் தமிழில், குடும்ப எண்ணோடு, வீட்டுத் தொலைபேசியோடு. அந்தத் தொலைபேசிப் பத்தியை அவர்தான் கேட்டார். "யாருக்குப் போன் போடணும்னு திரும்பப் போய் தேட முடியாது தம்பி."

மூன்றாவது கோப்பு

திருப்பும் கோப்பு சுற்றுக்குச் சுற்று சுருங்கியது. பொருளாளரும் செயலாளரும் மாலை நேரத்தில் போன் போட்டு, ஐசியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, மூலத்தைத் திருத்தி, மறுபடி இழுத்துப் போட்டார்கள். ஸ்கிரிப்டைத் திருத்தாமல் மூலத்தைத் திருத்தியது நல்லதாகப் போயிற்று. அடுத்த ஆண்டுப் புதுப்பிப்புக்கு அதே மூலம் உதவும்.

கடைசியில் எத்தனை முறை ஓட்டினாலும் குறையாத சிலர் மிஞ்சினார்கள். ஐசியே இல்லாதவர்கள். சிவப்பு ஐசிக்காரர்கள், அதாவது நிரந்தர வசிப்பாளர்கள், அல்ல. அவர்களுக்கும் 12 இலக்க எண் உண்டு, ஸ்கிரிப்ட் அவர்களை வேறாகப் பார்ப்பதில்லை. பிறப்பைப் பதியாமல் விட்டதாலோ, பெற்றோரின் திருமணம் பதிவாகாததாலோ ஆவணம் இல்லாமலே வளர்ந்தவர்கள். தோட்டத்து வாழ்க்கை தெரிந்த எவருக்கும் இப்படி இரண்டு மூன்று வீடுகள் தெரிந்திருக்கும். விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறார்கள், சந்தாவும் ஒழுங்காகக் கட்டி வருகிறார்கள்.

அவர்களைத் திருப்பும் கோப்பிலேயே விட்டால் அது எப்போதும் காலியாகாது. காலியாகாத கோப்பை நாளடைவில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், புதிதாக வரும் பிழையும் அதற்குள் மறைந்துவிடும். இதைச் சொன்னபோது பொருளாளர் யோசிக்கவில்லை. "காப்புறுதிக்காரங்களுக்குத்தான் ஐசி வேணும், நமக்கு வேணாம். அவங்களுக்கு நம்ம கையிருப்பிலருந்து கொடுத்துக்கலாம்." செயற்குழுவும் அதையே தீர்மானமாக எழுதிக்கொண்டது.

அதன்படி மூலப் பட்டியலில், பெயருக்கும் ஐசிக்கும் பக்கத்தில் ஆளுக்கு ஒரு பத்தி கூடியது: 'நிதிப் பொறுப்பு'. செயலாளர் அதில் கையால் குறியிட்டால்தான் அந்த ஆள் மூன்றாவது கோப்புக்குப் போவார். ஐசிக் கட்டம் காலி என்பதற்காக ஸ்கிரிப்ட் தானாக யாரையும் அங்கே தள்ளாது. இப்போது அது ஓடி முடிந்ததும் நான்கு எண்களைக் காட்டுகிறது: உள்ளே வந்தவர், காப்புறுதிக்குப் போனவர், நிதிப் பொறுப்பில் உள்ளவர், திருப்பப்பட்டவர். பின்னால் உள்ள மூன்றின் கூட்டுத்தொகை முதலாவதற்குச் சமமாக வராவிட்டால் காப்புறுதிக் கோப்பை எழுதாமலே நின்றுவிடும்.